கீமோ முடிந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அம்மாவின் சிறுநீரகம் ஏன் குறைகிறது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் அது உதவும். மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங்கை அடுத்த செம்பனைத் தோட்டத்தில் முப்பது ஆண்டு வேலை செய்த உங்கள் அம்மாவுக்கு இப்போது 62 வயது. வெற்றிலை பாக்குப் பழக்கத்தால் கன்னத்தின் உட்புறம் வந்த புற்றுநோய்க்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அறுவை செய்தார்கள். பிறகு வாய்க்கும் கழுத்துக்கும் கதிர்வீச்சும், அதனுடன் வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற மருந்தும் ஆறு வாரம் கொடுத்தார்கள். நோய் திரும்பவில்லை. ஆனால் சில ஆண்டுகளாக இரத்த அழுத்தமும் இனிப்பு நீரும் (நீரிழிவும்) சேர்ந்திருக்கின்றன. சென்ற மாதம் சுகாதார கிளினிக்கில், "சிறுநீரகம் 52தான் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். புற்றுநோய் சிறுநீரகத்துக்குப் பரவிவிட்டதா, அன்று ஏற்றிய மருந்துதான் காரணமா, டயாலிசிஸ் வரை போகுமா என்று கேட்கிறீர்கள். இரவில் கால் இழுத்துக்கொள்வதையும், பெலிம்பிங் என்ற நட்சத்திரப் பழத்தின் சாறு குடிக்கும் வழக்கத்தையும் கடைசியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவர் அல்லன். அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அதில் பல ஆண்டுகள் கீமோ மருந்து கலக்கும் அறையில் கழிந்தன. ஆகவே மருந்துகளைப் பற்றி உறுதியோடு சொல்வேன். உங்கள் அம்மாவுக்கு எதைக் கூட்டுவது, எதை நிறுத்துவது என்ற முடிவை அவரைப் பார்க்கும் மருத்துவரிடமே விட்டுவிடுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. வாய்ப் புற்றுநோய் சிறுநீரகத்துக்குப் பரவுவது மிக அரிது. பரவினாலும், இப்படி ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல எண் இறங்குவது அதன் போக்கன்று. அந்த அச்சத்தை விட்டுவிடலாம்.

இரண்டாவது கேள்விக்குத்தான் நீண்ட பதில் தேவைப்படுகிறது. நீங்கள் தேடி எடுத்து அனுப்பிய மூன்று இரத்தச் சோதனைத் தாள்கள் இல்லாமல் அதைச் சொல்லியிருக்க முடியாது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு இரத்தத்தில் சிகிச்சைக்கு முன் 62, சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து 80, இப்போது 100. மூன்றுமே மைக்ரோமோல் கணக்கு. பெரும்பாலான ஆய்வகங்கள் பெண்களுக்கு எண்பத்து நான்கு அளவுவரை இயல்பு என்று அச்சிடுவதால், அந்த 80 என்ற எண்ணின் பக்கத்தில் நட்சத்திரக் குறி எதுவும் விழவில்லை. யாரும் கவலைப்படவும் இல்லை. ஆனால் வயதையும் சேர்த்துச் சிறுநீரகம் வடிகட்டும் திறனாக, அதாவது வடிதிறனாகக் கணக்கிட்டால், அதாவது தாளில் இ.ஜி.எஃப்.ஆர். என்று அச்சாகும் எண்ணாக மாற்றிப் பார்த்தால், 62 என்பது ஏறத்தாழ 99, 80 என்பது 72, 100 என்பது 52. அந்த முதல் ஓராண்டிலேயே கால் பங்குக்கு மேல் போய்விட்டது. கிரியாட்டினின் இயல்பு எல்லைக்குள்ளே நகரும்போதுதான் சிறுநீரகம் அதிகம் இழக்கிறது என்பதைப் பலரும் அறிவதில்லை; எல்லையைத் தாண்டித் தாளில் குறி விழும்போது பாதி அளவுக்கு இழப்பு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும்.

அந்த முதல் இறக்கத்துக்குச் சிஸ்பிளாட்டின்தான் பெரிதும் பொறுப்பு என்று நினைக்கிறேன். கதிர்வீச்சைக் குறை சொல்ல வழியில்லை. கழுத்துக்குக் கொடுத்த கதிர் சிறுநீரகத்தைத் தொடாது. சிஸ்பிளாட்டின் பிளாட்டினம் என்ற உலோகத்தைச் சார்ந்த மருந்து. 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தொடக்கக் காலச் சோதனைகளில் அது சிறுநீரகத்தைக் கெடுத்த வேகத்தைப் பார்த்துக் கைவிட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் உப்பு நீரை நரம்பு வழியாக நிறைய ஏற்றினால் பாதிப்புக் குறைகிறது என்று கண்ட பிறகே அது நிலைத்தது. உங்கள் அம்மா நாள் முழுக்கச் சொட்டு மருந்துடன் படுத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதில் பெரும்பகுதி கீமோ மருந்தே இல்லை, சிறுநீரகத்தைக் காக்க ஏற்றிய உப்பு நீர்தான்.

அப்படிக் காத்தும் பாதிப்பு ஏன் வருகிறது என்றால், சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்கள் இந்த மருந்தைத் தாமாகவே இரத்தத்திலிருந்து உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. இரத்தத்தில் உள்ள அளவைவிடப் பல மடங்கு அங்கே குவிகிறது. செல்கள் சில இறக்கின்றன, சில தழும்பாக மாறுகின்றன. இந்த மருந்து பெற்று நலமடைந்தவர்களின் இரத்தத்தில் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நுண்ணிய அளவில் பிளாட்டினத்தைக் கண்டறிந்திருக்கிறார்கள். ஆயினும் இழப்பின் பெரும்பகுதி முதல் மாதங்களிலேயே, கூடினால் முதல் ஓராண்டிலேயே நடந்துவிடும். அதற்குப் பிறகு பெரும்பாலோருக்கு எண் அப்படியே நிலைத்து, வயதுக்குரிய தேய்மானம் மட்டும் தொடரும். வாரத்துக்கு ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 40 மில்லிகிராம் என்பதே வழக்கமான வாராந்திர அளவு. ஆறு வாரத்தில் மொத்தம் 240. இது நடுத்தரமான அளவு.

இப்போது இரண்டாவது இறக்கத்துக்கு வருவோம். நாற்பது வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்று என்ற அளவில் வடிதிறன் இறங்குவது இயற்கை. உங்கள் அம்மாவுக்கு எட்டு ஆண்டில் 72 என்பது 64 அளவுக்கு இறங்கியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அது 52 ஆகியிருக்கிறது. ஆண்டுக்கு இரண்டரை வீதம். அந்தக் கூடுதல் வேகத்தைப் பழைய கீமோ மருந்தின் தலையில் கட்ட முடியாது. சிகிச்சைக்குப் பின் வந்து சேர்ந்தவைதான் அதற்குக் காரணம்: இனிப்பு நீர், இரத்த அழுத்தம், மூட்டு வலிக்கு அவர் எடுத்துக்கொள்ளும் மாத்திரை. முன்பே ஒரு பகுதியை இழந்து, எஞ்சியதைக் கொண்டு முழு வேலையையும் செய்துவரும் சிறுநீரகத்தின் மேல் இவை வந்து ஏறியிருக்கின்றன. மருந்து செய்ததைத் திருப்ப முடியாது; பின்னால் வந்தவற்றைக் கட்டுப்படுத்த முடியும்.

இதில் நம் மக்களின் நிலையையும் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் வளர்ந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று வந்தபோது, இந்தியரிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. நாட்பட்ட சிறுநீரக நோய் 2011இல் ஏறத்தாழ 9 விழுக்காடாக இருந்து 2018இல் 15.5 விழுக்காட்டுக்கு ஏறியது. அந்நோய் உள்ளவர்களில் தமக்கு அது இருப்பதை அறிந்திருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் மட்டுமே. இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவே காரணம். வெற்றிலைப் பழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் அதிகம் கண்டதும் நம் தோட்டத்துப் பெண்களிடம்தான். இரண்டு சுமைகளும் ஒரே வீட்டுக் கதவைத் தட்டுவது தற்செயலன்று.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. வாய் முழுதாகத் திறக்காமல், கஞ்சியும் மாவுப் பாலுமாகவே நாளை ஓட்டி, 58 கிலோவிலிருந்து 44 கிலோவுக்கு இறங்கிய உங்கள் அம்மாவின் உடலில் தசை மிகவும் குறைந்திருக்கும். தசை குறைந்தால் கிரியாட்டினினும் குறைவாகவே உற்பத்தியாகும். எனவே 52 என்று காட்டும் எண் உண்மையில் இன்னும் தாழ்வாக இருக்கக்கூடும். தசையைச் சார்ந்திராத சிஸ்டாட்டின் சி என்ற சோதனை ஒன்று இருக்கிறது. சிறிய கிளினிக்குகளில் அது கிடைப்பதில்லை, நிபுணரிடம் அனுப்பினால் கேட்டுப் பார்க்கலாம்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்துவிட வேண்டும். கழுத்துக்குக் கதிர்வீச்சுப் பெற்றவர்களுக்குச் சில ஆண்டுகளில் தைராய்டு சுரப்பி மந்தமாவது மிகவும் சாதாரணம். தைராய்டு குறைந்தால் கிரியாட்டினின் ஏறும், வடிதிறன் இறங்கும்; தைராய்டு மாத்திரை தொடங்கியதும் ஓரளவு திரும்பவும் செய்யும். நீங்கள் அனுப்பிய தாள்களில் தைராய்டு சோதனை எங்கும் கண்ணில் படவில்லை. அடுத்த முறை இரத்தம் எடுக்கும்போது அதையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். நான் கேட்கும் சோதனைகளில் எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

கால் இழுத்துக்கொள்வதற்கு வருகிறேன். சிஸ்பிளாட்டின் பாதித்த நுண்குழாய்கள் மக்னீசியத்தைப் பிடித்து வைக்கத் தெரியாமல் சிறுநீரில் விட்டுவிடும். சிலருக்கு இந்தக் கசிவு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். அதற்கு மேல், இரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிடும் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரையும், நெஞ்செரிச்சலுக்கு ஆண்டுக்கணக்கில் விடாமல் சாப்பிடும் ஒமெப்ரசோலும் மக்னீசியத்தைக் குறைப்பவையே. மூன்றும் சேர்ந்தால் தசைப் பிடிப்பு, விரல் மரமரப்பு, படபடப்பு என்று காட்டும். பொட்டாசியமும் கால்சியமும் கூடச் சேர்ந்து இறங்கும். வழக்கமான சிறுநீரக இரத்தச் சோதனையில் மக்னீசியம் அடங்காது. பெயர் சொல்லிக் கேட்டால்தான் எடுப்பார்கள். அதற்குள் கடையில் மக்னீசிய மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சிறுநீரகம் குறைந்தவர்களுக்கு அது அளவுமீறித் தேங்கவும் கூடும், ஆகவே அளந்து பார்த்துவிட்டே கொடுக்க வேண்டும்.

இந்தப் பதிலில் நான் மிகுந்த கவலையோடு எழுதும் பகுதி வலி மாத்திரைதான். மூட்டு வலிக்கு டவுனில் வாங்கும் மாத்திரையின் பெயர் டைக்ளோஃபெனாக் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும், மெஃபெனாமிக் அமிலம், ஐபுபுரோஃபென், நாப்ராக்சென், எட்டோரிகாக்சிப் ஆகியவையும் ஒரே குடும்பம். சிறுநீரகத்துக்குள் போகும் இரத்த நாளத்தைச் சுருக்குபவை. அழுத்தத்துக்கான பெரிண்டோப்ரில் வெளியேறும் நாளத்தைத் தளர்த்துகிறது. நீர் மாத்திரை உடலின் நீரைக் குறைக்கிறது. இம்மூன்றும் ஒரே உடலில் கூடினால், வெயிலில் வேர்த்து வந்த ஒரு நாளிலோ வயிற்றுப்போக்கு வந்த ஒரு நாளிலோ வடிகட்டும் அழுத்தம் திடீரென விழுந்து, சிறுநீரகம் நின்றே போகலாம். பெரிண்டோப்ரிலை நிறுத்துவது இதற்குத் தீர்வாகாது. அது சிறுநீரகத்தைக் காக்கும் மருந்து. நிறுத்த வேண்டியது வலி மாத்திரையை. உடல் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால், வலிக்கும் இடத்தில் தடவும் களிம்பு, முட்டிக்கான பயிற்சி ஆகியவற்றைக் கொண்டு சமாளிக்கலாம்.

என் அண்ணன் பால்மரம் வெட்டியவர். முதுகு வலிக்கென்று இரவுச் சந்தையில் ஒருவரிடம் வேர்ப்பொடி உருண்டை வாங்கி ஈராண்டு சாப்பிட்டார்; வலி பறந்தது, முகம் உப்பியது. சோதித்தபோது அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது தெரிந்தது. "வேர் தானே, என்ன செய்யும்" என்று அவர் என்னிடமே கேட்டார், மருந்தகத்தில் வேலை செய்த தம்பியிடம்! பதிவு எண்ணும் பாதுகாப்பு முத்திரையும் இல்லாத எந்தப் பொடியையும், எந்த ஜாமு மூலிகை மருந்தையும் அம்மாவின் பக்கம் அண்ட விடாதீர்கள்.

டயாலிசிஸ் வரை போகுமா என்ற கேள்விக்குக் கிரியாட்டினினைவிட நல்ல விடை சொல்லக்கூடியது சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற சோதனை. காலைச் சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள். மில்லிமோலுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் அது 3க்குக் கீழ் இருந்தால் நல்லது, 30க்கு மேல் போனால் கவலைக்குரியது. வடிதிறன் 45க்கும் 59க்கும் இடையே இருந்து, அல்புமினும் கசியாதவர்களில் பெரும்பாலோர் டயாலிசிஸ் இயந்திரத்தை ஒருபோதும் பார்ப்பதில்லை; அவர்கள் அஞ்ச வேண்டியது மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும்தான். அல்புமின் கசிந்தால் கணக்கு மாறும், ஆனால் அதற்கும் இன்று வழி இருக்கிறது. டப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய மருந்துகள் சிறுநீரகத் தேய்மானத்தின் வேகத்தைக் குறைப்பதை 2020இலும் 2022இலும் வெளிவந்த பெரிய ஆய்வுகள் காட்டின. உங்கள் அம்மாவைப் போல் மெலிந்து, குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அவற்றை யோசித்தே கொடுக்க வேண்டும் என்பதால், கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன். மெட்ஃபார்மினைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். 45க்குக் கீழ் போனால் அளவைக் குறைப்பார்கள், 30க்குக் கீழ் நிறுத்துவார்கள். இரத்த அழுத்தம் 130க்கு 80 என்பதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே எல்லாவற்றிலும் பெரிய மருந்து. கருவாடு, ஊறுகாய், கிச்சாப், மேகி மீ ஆகியவற்றின் உப்பு அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

தண்ணீர் விஷயத்தில், கதிர்வீச்சுக்குப் பிறகு உமிழ்நீர் சுரக்காமல் வாய் காய்ந்தே இருப்பவர்கள் அடிக்கடி வாயை நனைப்பார்கள், ஆனால் விழுங்கும் நீரோ குறைவு. ஒரு புட்டியில் அளந்து வைத்து நாள் முழுக்கச் சிறுகச் சிறுகக் குடிக்கச் செய்யுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும், லிட்டர் லிட்டராக ஊற்ற வேண்டியதில்லை. வாந்தியோ பேதியோ கடுங்காய்ச்சலோ வந்து சாப்பிட முடியாத நாள்களில் பெரிண்டோப்ரில், நீர் மாத்திரை, மெட்ஃபார்மின் ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது குறித்து முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்தில் எலிக் காய்ச்சலும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். அது சிறுநீரகத்தை நேராகத் தாக்கும். வாய்க்கால் ஓரம் புல் வெட்டிய சில நாள்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

வேறு புற்றுநோய்களிலிருந்து மீண்டு இதைப் படிப்பவர்களுக்கும் சில சொற்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுப் பெற்றவர்களுக்குச் சிறுநீர்க் குழாய் தழும்பேறிச் சுருங்கிச் சிறுநீரகம் வீங்குவது பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் நேரலாம். வலியே இல்லாமல் ஒரு சிறுநீரகம் போய்விடும். கிரியாட்டினின் காரணமின்றி ஏறினால் அவர்கள் முதலில் கேட்க வேண்டியது ஸ்கேன். ஐஃபாஸ்ஃபமைடு என்ற மருந்து பெற்ற குழந்தைகளுக்குப் பாஸ்பேட் கசிந்து எலும்பு வளைவதுண்டு. இரத்தத்தில் சர்க்கரை இயல்பாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை தெரிவது அதற்கு ஓர் அடையாளம். வயிற்றுக்குக் கதிர் பெற்றவர்கள், ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டவர்கள், எலும்பு மச்சை மாற்றிக்கொண்டவர்கள் ஆகியோர் வாழ்நாள் முழுதும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீர் அல்புமின் மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுவயதில் சிகிச்சை பெற்று இப்போது கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள் பலருக்கு, தமக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதே தெரியாது.

அதனால்தான் ஒரு வேலையை உங்களிடம் ஒப்படைக்கிறேன். அன்று சிகிச்சை நடந்தது பெரிய ஊரில். இன்று அழுத்த மாத்திரை கொடுப்பது தோட்டத்துக்குப் பக்கத்துக் கிளினிக். அங்குள்ள மருத்துவர் ஆண்டுக்கு ஒருவராக மாறிக்கொண்டிருப்பார்; அவர் கையிலுள்ள அட்டையில் "வாய்ப் புற்றுநோய், குணமடைந்தவர்" என்ற ஒரு வரி இருந்தால் அதுவே அதிகம். சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் எழுதிக் கேட்டு, எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, எந்த இடத்தில் கதிர், எந்த ஆண்டு என்ற நான்கும் அடங்கிய மருத்துவ அறிக்கையை வாங்குங்கள். அதன் பின்பக்கத்தில் 99, 72, 52 என்ற மூன்று எண்களையும் ஆண்டோடு எழுதி, இனி வரும் ஒவ்வொரு எண்ணையும் அதன் கீழே சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு தனி எண்ணைப் பார்க்கும் மருத்துவர் "வயசாச்சு, பரவாயில்லை" என்று சொல்லக்கூடும். சரியும் கோட்டைப் பார்ப்பவர் அப்படிச் சொல்ல மாட்டார். இந்த 52 என்பதையும் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எடுத்து உறுதி செய்ய வேண்டும். ஒரே ஒரு சோதனையை வைத்து நாட்பட்ட நோய் என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. அடுத்த சி.டி. ஸ்கேனுக்கு மருந்து ஏற்றுவதற்கு முன்பும் இந்தத் தாளைக் காட்டுங்கள்.

கடைசியாகப் பெலிம்பிங். இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று வீட்டுக்குப் பின்னால் உள்ள மரத்திலிருந்து பறித்துத் தினமும் ஒரு குவளை சாறு குடிக்கிறார் என்கிறீர்கள். நம் ஊர்களில் அழுத்தத்துக்கு அதைக் கொடுக்கும் வழக்கம் பழையது. ஆனால் அந்தப் பழத்தில் ஆக்சலேட் மிகுதி. வெறும் வயிற்றில் நிறையக் குடித்தால் நல்ல சிறுநீரகத்திலேயே படிகமாகப் படிந்து அடைக்கக்கூடும். அதில் கேரம்பாக்சின் என்ற நரம்பு நச்சும் இருப்பதைப் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2013இல் கண்டறிந்தார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், குறைந்த சிறுநீரகம் தேக்கி மூளைக்கு அனுப்பிவிடும். சாற்றை இன்றே நிறுத்திவிடுங்கள். ஜெரிங் காயையும் அதேபோல் நிறுத்திவிடுங்கள். பெலிம்பிங் சாப்பிட்ட பிறகு நிற்காத விக்கல் வந்தாலோ பேச்சுக் குழறினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே சுங்கை பட்டாணி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, என்ன சாப்பிட்டார் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.